பிசினுக்காக எழுந்த அரண்கள்: கியோஸ் தீவின் மஸ்தகி ஊர்கள்

ஏஜியன் கடலின் கிழக்கு விளிம்பில், துருக்கியின் செஷ்மே தீபகற்பத்துக்கு எதிரே, சில கிலோமீட்டர் அகலமுள்ள நீரிணைக்கு அப்பால் இருக்கும் கிரேக்கத் தீவு கியோஸ். பரப்பளவு சுமார் 840 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 50,000. சாந்தோரினி, மிக்கொனோஸ் போன்ற தீவுகளுக்குச் செல்லும் சுற்றுலாக் கூட்டத்தில் மிகச் சிறிய பங்கே இங்கே வருகிறது. நீலக் குவிமாடமும் வெள்ளைச் சுவருமாகப் பட அட்டைகளில் வரும் கிரேக்கத் தீவின் தோற்றம் கியோஸுக்குப் பொருந்தாது. அதன் தென்பகுதியில் இருக்கும் பழைய ஊர்கள் சாம்பல் நிறக் கல்லால் ஆனவை; வெளியுலகுக்கு முதுகைக் காட்டி, உள்நோக்கித் திரும்பி நிற்பவை. கோட்டை என்று தனியாக ஒன்று அங்கே கட்டப்படவில்லை. ஊரே கோட்டையாகக் கட்டப்பட்டது.

இந்த ஊர்களைக் கிரேக்கர்கள் 'மஸ்திகோஹோரியா', அதாவது மஸ்தகி ஊர்கள், என்று அழைக்கிறார்கள். மொத்தம் 24 ஊர்கள் இந்தப் பெயருக்குள் அடங்கும். பிர்கி, மெஸ்தா, ஒலிம்பி, வேசா, எலாத்தா, அர்மோலியா, கலமோத்தி ஆகியவை அவற்றுள் அறியப்பட்டவை. இவற்றின் தெருக்கள், வாயில்கள், கூரைகள், அன்றாட வாழ்வின் ஒழுங்கு எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஒரு விளைபொருள்: மஸ்தகி என்னும் மணமுள்ள மரப்பிசின். யுனானி மருந்துகளில் சேர்வதும், நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் 'ரூமி மஸ்தகி' என்ற பெயரில் கிடைப்பதும் இந்தப் பிசின்தான்.

மரமும் உழைப்பும்

மஸ்தகி மரம் பிஸ்தா மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. எப்போதும் பசுமையாக இருக்கும் குட்டை மரம்; இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் பெரும்பாலும் வளராது. இதன் காட்டு வகை மத்தியதரைக் கடலோரம் எங்கும் புதராக மண்டிக் கிடக்கிறது. ஆனால் பிசினுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட வகை கியோஸின் தெற்குச் சரிவுகளில்தான் வணிக அளவில் பலன் தருகிறது. நட்ட ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகே மரம் பிசின் தரத் தொடங்கும். முழுப் பலனுக்கு மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அப்போதும் ஒரு மரம் ஓராண்டில் தருவது ஒரு கிலோவில் சிறு பகுதியே.

வேலை ஆண்டு முழுவதும் நீளும். கோடையின் தொடக்கத்தில் மரத்தடியைக் கூட்டிப் பெருக்கிச் சமன்படுத்தி, வட்டமாக வெள்ளை மண்ணைத் தூவுவார்கள். இது சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண். மேலே விழும் பிசினில் அழுக்கு ஒட்டாமல் காக்கும். பிறகு கூரிய சிறு கருவியால் அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் மெல்லிய கீறல்கள் போடுவார்கள். கீறலில் ஊறும் பிசின் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்து, இரண்டு மூன்று வாரங்களில் இறுகிப் பளிங்குத் துளிகளாகிறது. உழவர்கள் இத்துளிகளைக் 'கண்ணீர்' என்றே சொல்கிறார்கள். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ரோமானியரால் கொல்லப்பட்ட புனித இசிதோரின் உடலைக் கண்டு மரங்கள் அழுத கண்ணீரே மஸ்தகியானது என்பது தீவின் தொன்மக் கதை.

ஆகஸ்டின் நடுவிலிருந்து துளிகளைப் பொறுக்குவார்கள். இடையில் மழை பெய்தால் பிசின் கெட்டுவிடும். அறுவடை முடிந்ததும் வேலை வீட்டுக்கு வருகிறது. சலித்து, கழுவி, காயவைத்து, ஒவ்வொரு துளியிலும் ஒட்டியிருக்கும் மண்ணையும் சருகையும் சிறு கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். குளிர்கால மாதங்களில் பெண்கள் ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்து, பேசியபடியே இதைச் செய்வது வழக்கம். இன்று ஒருவர் வீட்டில், நாளை மற்றவர் வீட்டில் என்று முறைவைத்து உதவிக்கொள்வார்கள். இந்தச் சாகுபடி அறிவை 2014இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

எடை குறைவு, விலை அதிகம், கெடாமல் நெடுநாள் இருக்கும், ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும்: வணிகருக்கு இதைவிட ஏற்ற பண்டம் இல்லை. திருடனுக்கும் கடற்கொள்ளையனுக்கும் அப்படியே. ஊர்கள் அரண்களாக மாறியதன் காரணம் இந்தப் பண்பில் இருக்கிறது.

ஜெனோவா வணிகர்களின் ஆட்சி

இடைக்காலத்தில் கியோஸ் பைசாந்தியப் பேரரசுக்கு உரியது. 1304இல் ஜெனோவா நகரத்தின் பெருவணிகரான பெனெதெத்தோ சக்காரியா தீவைக் கைப்பற்றினார். அவர் குடும்பம் 1329 வரை ஆண்டது. பிறகு பேரரசர் மூன்றாம் அந்திரோனிக்கோஸ் தீவை மீட்டார். 1346இல் ஜெனோவாவின் கடற்படைத் தலைவர் சிமோனே விஞோசோ மீண்டும் அதை வென்றார். அந்தப் படையெடுப்புக்குக் கப்பல்களைத் தனியார் தம் செலவில் திரட்டியிருந்தார்கள். செலவான இரண்டு லட்சம் லிராவுக்கு மேற்பட்ட தொகையைத் திருப்பித்தர ஜெனோவா குடியரசிடம் பணம் இல்லை. அதனால் 1347இல் தீவின் வருவாயையும் நிர்வாகத்தையும் கப்பல் உரிமையாளர்களிடமே ஒப்படைத்தது. பங்குதாரர்களின் அந்த அமைப்புக்கு 'மாவோனா' என்று பெயர். 1362இல் பங்குதாரர்கள் ஜூஸ்தினியானி என்ற பொதுக் குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டார்கள். வணிக நிறுவனம் ஒன்று ஒரு நாட்டை ஆண்ட தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் இது ஒன்று. இந்த ஆட்சி 1566 வரை, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

மாவோனாவின் வருவாயில் முதன்மையானது மஸ்தகி. அது முழுமையாக ஏகபோகச் சரக்கு. உழவர் விளைவித்ததை மாவோனாவிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். எவ்வளவு விற்பது, எந்த விலைக்கு விற்பது என்பதை மாவோனா தீர்மானித்தது. மஸ்தகியைத் திருடினாலும் கள்ளத்தனமாக விற்றாலும் கடுந்தண்டனை. அளவு கூடக் கூடத் தண்டனையும் கூடி, உறுப்பை அறுப்பது முதல் தூக்கிலிடுவது வரை சென்றது. இந்தச் சரக்கின் புகழ் எவ்வளவு தொலைவு பரவியிருந்தது என்பதைக் கொலம்பஸ் காட்டுகிறார். ஜெனோவாவில் பிறந்த அவர் இளமையில் கியோஸுக்குக் கப்பலில் வந்தவர். 1493இல் தம் முதல் பயணத்தைப் பற்றி எழுதிய கடிதத்தில், புதிய நிலங்களில் கிடைக்கும் செல்வங்களைப் பட்டியலிடும்போது, கியோஸில் மட்டுமே கிடைத்துவந்த மஸ்தகியையும் சேர்த்துச் சொல்கிறார்.

மாவோனாவுக்கு முன் தெற்குப் பகுதியில் மக்கள் சிறு குடியிருப்புகளாகச் சிதறி வாழ்ந்தார்கள். சிதறிக் கிடப்பவர்களைக் கடற்கொள்ளையரிடமிருந்து காப்பது கடினம். அவர்கள் விளைவிப்பதைக் கணக்கிடுவது அதைவிடக் கடினம். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் ஜெனோவாக்காரர்கள் மக்களைத் திரட்டி, திட்டமிட்ட அரண் ஊர்களில் குடியேற்றினார்கள். பெரும்பாலான ஊர்கள் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, கடலில் வரும் கப்பலின் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தாக்குகளில் அமைந்தன. கரையோரக் குன்றுகளில் நின்ற காவற்கோபுரங்கள் ஆபத்தைக் கண்டால் புகையாலும் தீயாலும் உள்நாட்டுக்கு அறிவித்தன.

ஊரின் வடிவம்

இந்த ஊர்களின் அடிப்படை வரைவு ஒன்றுதான்: பெரும்பாலும் நாற்கோணம், நடுவே ஒரு கோபுரம். ஓரத்து வீடுகள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டப்பட்டன. அவற்றின் பின்சுவர்களே ஊரின் மதில். அந்தச் சுவரில் வெளிப்பக்கம் பார்த்த கதவோ சன்னலோ வைக்க அனுமதி இல்லை. மூலைகளில் வட்டக் கோபுரங்கள் நின்றன. உள்ளே வர ஒன்று அல்லது இரண்டு வாயில்கள் மட்டுமே. அவற்றுக்குக் கனத்த கதவுகள் உண்டு, பொழுது சாய்ந்ததும் அவை அடைக்கப்பட்டன.

வாயிலுக்குள் நுழைந்தவருக்கு வழி எளிதில் பிடிபடாது. தெருக்கள் மிகக் குறுகியவை. வளைந்து வளைந்து செல்பவை. பல தெருக்கள் முட்டுச்சந்தாக முடிபவை. ஊர்க்காரருக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்த வழி, புகுந்த கொள்ளையனுக்குப் பொறியானது. தெருக்களின் மேலே ஒரு பக்க வீட்டையும் எதிர்ப் பக்க வீட்டையும் கல் வளைவுகள் இணைத்தன. சில இடங்களில் வளைவின் மேல் அறையே கட்டப்பட்டது. தெரு அதன் அடியில் சுரங்கம்போல ஓடியது. கோடை வெயிலிலும் இத்தெருக்களில் நிழலும் குளுமையும் நிலைத்திருக்கும்.

நடுக்கோபுரம் ஊரின் கடைசி அடைக்கலம். சதுர வடிவில், வீடுகள் அனைத்தையும்விட உயரமாக, தன்னைச் சுற்றித் தனி மதிலோடு அது நின்றது. நுழைவாயில் தரைமட்டத்தில் இல்லாமல் மேல்தளத்தில் இருந்தது. தேவைப்படும்போது இழுத்துக்கொள்ளக்கூடிய ஏணியோ பாலமோ வழியாகவே உள்ளே போக முடியும். வீடுகளின் மொட்டைமாடிகள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருந்தன. எதிரி மதிலைத் தாண்டிவிட்டால் மக்கள் தெருவில் இறங்காமலே, மாடிக்கு மாடி தாவியும் வளைவுகளைக் கடந்தும் நடுக்கோபுரம் வரை போய்ச் சேரலாம். கூரைகளெல்லாம் சேர்ந்து ஊரின் இரண்டாவது தெருவாகப் பயன்பட்டன.

வளைவுகளுக்கு மற்றொரு வேலையும் உண்டு. கியோஸ் நிலநடுக்கம் வரும் பகுதியில் இருக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களை அணைத்துப் பிடிக்கும் இந்த வளைவுகள் ஒரு வீடு தனியாகச் சாயாதபடி தடுத்தன. பாதுகாப்புக்காகவும் இடநெருக்கடியாலும் வந்த நெருக்கமான அமைப்பே கட்டடத்தின் உறுதிக்கும் துணையாயிற்று.

இந்த மதிலுக்கு இரண்டு முகங்கள் இருந்தன என்பதை இங்கே சொல்ல வேண்டும். கடலிலிருந்து வருபவன் உள்ளே நுழையாமல் அது காத்தது. உள்ளே இருப்பவன் மஸ்தகியை வெளியே கொண்டுபோகாமலும் அதே மதில் தடுத்தது. வாயில் இரண்டுக்கு மேல் இல்லாத ஊரில் யார் எப்போது எதைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்பதை ஒரு காவலாளே கண்காணித்துவிடலாம். உழவரின் உயிரைக் காப்பதும் உழவரின் விளைச்சலைக் கட்டுப்படுத்துவதும் ஆண்டவர்களுக்கு ஒரே வேலையின் இரு பாதிகளாக இருந்தன. ஊரின் வரைபடத்தில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

வீடு

வீடுகள் குறுகிய முகப்பும் ஆழமும் கொண்டவை. பெரும்பாலும் இரண்டு தளங்கள். அருகிலேயே வெட்டிய கல்லை மண்ணும் சுண்ணாம்பும் கலந்த சாந்தில் அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். பெரிய மரங்கள் அரிதாக இருந்த தென்பகுதியில் உத்தரமும் பலகையும் வைத்துக் கூரை போடுவது செலவு மிக்க காரியம். எனவே அறைகளுக்குக் கல்லாலேயே அரைவட்ட வளைவுக் கூரை கட்டினார்கள். அதன் மேல் மண்ணை நிரப்பிச் சமன்படுத்தினால் மொட்டைமாடி கிடைத்தது. வளைவுக் கூரை தன் எடையால் பக்கச் சுவர்களை வெளியே தள்ளும் இயல்புடையது. அந்தத் தள்ளலைப் பக்கத்து வீட்டுச் சுவர் தாங்கிக்கொண்டது. ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டின்மேல் சாய்ந்து நிற்பதால் தனி வீடு ஒன்றை இடித்தெடுப்பதோ மாற்றிக் கட்டுவதோ அண்டை வீட்டாரையும் பாதிக்கும் செயலாக இருந்தது. மரம் குறைவாகப் பயன்பட்டதால் தீ எளிதில் பரவவும் இடமில்லை.

கீழ்த்தளம் கால்நடைக்கும் சரக்குக்கும் உரியது. கழுதையும் கோவேறு கழுதையும் அங்கே கட்டப்பட்டன. எண்ணெய், மது, தானியம், உழவுக் கருவிகள் ஆகியவையும் அங்கேயே இருந்தன. குடும்பம் மேல்தளத்தில் வாழ்ந்தது. மேல்தளத்தின் நடுவில் வானம் பார்த்த சிறு முற்றம் ஒன்று உண்டு. அதற்குப் 'பூந்தி' என்று பெயர். அறைகளெல்லாம் அதை நோக்கித் திறந்தன. வெளிச்சுவரில் சன்னல் வைக்க முடியாத, பக்கச் சுவர்கள் அண்டை வீட்டோடு ஒட்டிய வீட்டுக்கு ஒளியும் காற்றும் வந்த வழி இந்த முற்றம்தான். அங்கிருந்து படியேறினால் மொட்டைமாடி. பயிரைக் காயவைப்பது, கோடை இரவில் காற்று வாங்குவது, ஆபத்துக் காலத்தில் தப்பி ஓடுவது எல்லாம் அந்த மாடியில்.

வீடுகளுக்கிடையே பெரிய ஏற்றத்தாழ்வு தெரியாது. இடம் அளந்து பங்கிடப்பட்டதால் அளவிலும் அமைப்பிலும் அவை ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. மாளிகை கட்ட இங்கே இடமும் இல்லை. செல்வம் சேர்ந்த இடமும் இது இல்லை. மஸ்தகியின் லாபம் எங்கே போனது என்பதைத் தீவின் தலைநகரத்துக்குத் தெற்கே இருக்கும் கம்போஸ் சமவெளியில் காணலாம். ஜெனோவாப் பிரபுக்களும் பின்னாளில் கியோஸின் செல்வ வணிகர்களும் அங்கே ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவில் மாளிகைகள் கட்டினார்கள். திமியானா ஊரின் செந்நிறக் கல்லால் உயர்ந்த மதில்கள், பெரிய முற்றங்கள், கிணறுகள், நீர்த்தொட்டிகள், கொடிப்பந்தல்கள் என்று அவை விரிந்தவை. கம்போஸின் மதில் தோட்ட உரிமையாளரின் தனிமையைக் காத்தது. தெற்கு ஊர்களின் மதில் ஒரு சமூகம் முழுவதையும் ஒன்றாகக் கட்டியது.

மெஸ்தா, ஒலிம்பி, பிர்கி

இந்த அமைப்பு இன்று மிக முழுமையாக எஞ்சியிருப்பது மெஸ்தாவில். தலைநகரத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தென்மேற்கே இருக்கும் இவ்வூர் ஒழுங்கற்ற ஐங்கோண வடிவில் அமைந்தது. மதிலாக நின்ற ஓரத்து வீடுகள், மூலைக் கோபுரங்களின் எச்சங்கள், மூடிய தெருக்கள், வளைவுகள் எல்லாம் அங்கே கண்கூடு. நடுக்கோபுரம் மட்டும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அது இருந்த இடத்தில் அதிதூதருக்குப் பெரிய தேவாலயம் ஒன்றை ஊரார் கட்டினார்கள். 1868இல் நிறைவடைந்த அது தீவின் பெரிய தேவாலயங்களுள் ஒன்று. கொள்ளையர் பயம் தணிந்த காலத்தில் ஊரின் மையம் அடைக்கலக் கோபுரத்திலிருந்து வழிபாட்டிடத்துக்கும் அதன் முன்னுள்ள சதுக்கத்துக்கும் மாறியது. அதே ஊரில் அதிதூதருக்கே உரிய பழைய சிறு தேவாலயம், நுணுக்கமான மரச் செதுக்கு வேலை கொண்ட திருவுருவத் தட்டியோடு, இன்னும் இருக்கிறது.

மெஸ்தாவுக்கும் பிர்கிக்கும் இடையில் இருக்கும் ஒலிம்பியில் நடுக்கோபுரம் இன்றும் நிற்கிறது. உயரம் சுமார் 20 மீட்டர். ஊரின் வரைபடமும் பெருமளவு பழைய நாற்கோணமே. மெஸ்தாவில் மறைந்துபோன பகுதியை ஒலிம்பியில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பிர்கி மஸ்தகி ஊர்களுள் பெரியது. கோபுரம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அதன் பெயர். அந்தக் கோபுரத்தின் பகுதி இன்றும் ஊர் நடுவில் உண்டு. சதுக்கத்தை ஒட்டி, வளைவுக் கூரையிட்ட குறுகிய வழிக்கு அப்பால், பரிசுத்த அப்போஸ்தலர்களின் தேவாலயம் இருக்கிறது. பைசாந்தியக் காலத்துச் செங்கல் கட்டடமான இது, பேரரசர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் 11ஆம் நூற்றாண்டில் கியோஸின் மலைநடுவே கட்டிய நெயா மோனி மடாலயத்தின் தேவாலயத்தைப் பின்பற்றியது. 1990 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் நெயா மோனியின் பெருங்கட்டட மரபு, உழவர் ஊர் ஒன்றில் சிறிய அளவில் மறுபிறப்பு எடுத்திருக்கிறது. உட்சுவர்களில் உள்ள ஓவியங்கள் 1665ஆம் ஆண்டைச் சேர்ந்தவை.

சுரண்டி வரைந்த சுவர்கள்

பிர்கியை மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுத்துவது அதன் வீட்டு முகப்புகள். தரையிலிருந்து மாடிவரை, சில இடங்களில் மாடத்தின் அடிப்பகுதி வரை, கறுப்பும் வெள்ளையுமான வடிவக் கோலங்கள் பட்டை பட்டையாக ஓடுகின்றன. இவற்றுக்கு 'க்ஸிஸ்தா' என்று பெயர். சுரண்டியவை என்பது பொருள்.

செய்முறை எளிமையானது, ஆனால் கைப்பழக்கம் வேண்டும். முதலில் கருமணலைச் சுண்ணாம்போடு கலந்து சுவரில் பூசுவார்கள். கருமணல் தெற்குக் கரையில் எம்போரியோஸ் அருகில் கிடைப்பது; அங்கிருந்த பழைய எரிமலை தந்தது. பூச்சு முழுவதும் காயும் முன் அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பிறகு அளவுக்கோலும் கவராயமும் வைத்துப் பட்டைகள் பிரித்து, முக்கோணம், சாய்சதுரம், வட்டம், அரைவட்டம், நட்சத்திரம் என்று கோடு போடுவார்கள். கடைசியாக முள்கரண்டி போன்ற கருவியால் வேண்டிய இடங்களில் வெள்ளையைச் சுரண்டி எடுத்தால் அடியிலுள்ள கருஞ்சாம்பல் நிறம் வெளிப்படும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே முடிக்க வேண்டும் என்பதால் கொத்தனாருக்கு வேகமும் தெளிவும் தேவை. அழித்துத் திருத்த வாய்ப்பில்லை. பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளில் ஒரே வடிவம் திரும்ப வராதபடி அடுக்குவதில் அவருடைய திறமை தெரியும்.

இரு வண்ணப் பூச்சைச் சுரண்டி அலங்கரிக்கும் இந்தக் கலை இத்தாலிய நகரங்களில் பரவலாக இருந்தது. ஜெனோவா வழியாகக் கியோஸுக்கு வந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. பிற ஊர்களிலும் ஆங்காங்கே இதைக் காணலாம். ஊர் முழுவதும் இதைப் போர்த்திக்கொண்டது பிர்கி மட்டுமே. இன்றும் அங்கே புதிய வீட்டுக்கும் பழுதுபார்த்த வீட்டுக்கும் க்ஸிஸ்தா போடுகிறார்கள். இலையுதிர்காலத்தில் மாடங்களிலிருந்து சிறு தக்காளிகளைச் சரஞ்சரமாகக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள்; கறுப்பு வெள்ளைச் சுவர்களுக்கு முன் அந்தச் சிவப்புச் சரங்கள் ஊரின் அடையாளக் காட்சி.

ஒட்டோமான் காலம்

1566இல் பியாலே பாஷாவின் கடற்படை போரின்றியே தீவைக் கைப்பற்றியது. மாவோனாவின் ஆட்சி முடிந்தது. மஸ்தகியின் ஏகபோகம் முடியவில்லை. துருக்கியர் தீவுக்கே பிசின் தீவு என்று பொருள்படும் பெயரை வைத்தனர். மஸ்தகி ஊர்கள் தனி நிர்வாகப் பகுதியாயின. பிசினைத் திரட்டும் பொறுப்பில் ஓர் அதிகாரி இருந்தார். உழவர்கள் வரியைப் பணமாக அல்லாமல் குறிப்பிட்ட அளவு பிசினாகக் கட்டினார்கள். இஸ்தான்புல் அரண்மனையின் அந்தப்புரத்தில் மஸ்தகியை மெல்லும் பழக்கம் பெரிதாக இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் உள்ளூர் விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளவும், தேவாலய மணி அடிக்கவும், மற்ற கிறிஸ்தவக் குடிகளுக்குக் கிடைக்காத வேறு சில சலுகைகளைப் பெறவும் இந்தப் பிசின் வழிசெய்தது.

கிரேக்க விடுதலைப் போரின்போது, 1822 ஏப்ரலில், ஒட்டோமான் படைகள் கியோஸில் பெரும் படுகொலை நடத்தின. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். பல்லாயிரம் பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். தப்பியவர்கள் ஐரோப்பாவெங்கும் சிதறினார்கள். ஐரோப்பாவை உலுக்கிய இந்நிகழ்ச்சியைப் பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1824இல் பெரிய ஓவியமாகத் தீட்டினார். அது இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மஸ்தகி மரத்தைப் பேணத் தெரிந்தவர்களை அழித்தால் வருவாயும் அழியும் என்பதால், தொடக்கத்தில் தெற்கு ஊர்கள் பெருமளவு விட்டுவைக்கப்பட்டன. ஜூனில் கிரேக்க மாலுமி கனாரிஸ் ஒட்டோமான் தலைமைக் கப்பலைத் தீக்கப்பலால் எரித்தபின் பழிவாங்கும் சீற்றம் தெற்கையும் தொட்டது. ஆயினும் ஊர்கள் மீண்டும் மக்களால் நிரம்பின.

தீவின் நடுவே செங்குத்தான பாறைமேல் நிற்கும் அனவத்தோஸ் ஊருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதுவும் அரண் ஊர்தான்; மஸ்தகி ஊர்களைவிட எதிரிக்கு எட்டாத இடத்தில் இருந்தது. 1822இல் அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் அழிக்கப்பட்டார்கள். பிறகு எஞ்சியவர்களைப் பிடித்துவைக்க அந்தப் பாறைச் சரிவில் பெரிய வருவாய் இல்லை. 1881 ஏப்ரல் 3 அன்று தீவைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் அது ஏறக்குறைய ஆளற்றுப்போனது.

அந்த நிலநடுக்கத்தில் கியோஸ் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். மஸ்தகி ஊர்களுள் கிழக்கில் இருந்தவை கடுமையாகச் சேதமடைந்தன. அங்கெல்லாம் பழைய வரைபடம் கலைந்து, பிற்கால வீடுகளே மிகுதி. மேற்கில் இருந்த மெஸ்தா, ஒலிம்பி, பிர்கி போன்றவை ஒப்பீட்டளவில் தப்பின. இன்று இடைக்கால ஊரைப் பார்க்க விரும்புவோர் இந்த மேற்கு ஊர்களுக்குச் செல்வதற்கு இது முதன்மையான காரணம்.

மதில் திறந்த பிறகு

19ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளை ஓய்ந்தது. வாயில்களை அடைக்க வேண்டிய தேவை போயிற்று. ஓரத்து வீடுகளின் பின்சுவர்களில் சன்னல்களும் கதவுகளும் திறக்கப்பட்டன; மதிலுக்கு வெளியே புதிய வீடுகள் எழுந்தன. 1912 நவம்பரில் கிரேக்கப் படை தீவில் இறங்கியது. கியோஸ் கிரேக்கத்தோடு இணைந்தது. ஆண்டவர் விலை வைத்த காலம் முடிந்தபின் உழவர்கள் இடைத்தரகர்களிடம் சிக்கினார்கள். அந்த நிலையை மாற்ற 1938இல் மஸ்தகி உழவர்களின் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஐந்து நூற்றாண்டுகளாகப் பிறர் கையில் இருந்த ஏகபோகம் விளைவிப்பவரின் கைக்கு வந்தது. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் கியோஸ் மஸ்தகிக்குப் புவிசார் பெயர்ப் பாதுகாப்பு அளித்தது. 2015இல் ஐரோப்பிய மருந்து முகமை, லேசான செரிமானக் கோளாறுக்கும் சிறு தோல் அழற்சிக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மரபு மூலிகை மருந்தாக அதை ஏற்றது.

கட்டடங்களைக் காக்கும் முயற்சியும் இடையில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிரேக்கத் தீவுகளிலிருந்து ஏதென்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் மக்கள் பெருமளவில் குடிபெயர்ந்தார்கள். மெஸ்தாவில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. 1970களின் நடுவில் கிரேக்கச் சுற்றுலா அமைப்பு பழைய குடியிருப்புகளைப் புதுப்பித்து விருந்தினர் இல்லங்களாக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, தேர்ந்தெடுத்த ஊர்களுள் மெஸ்தாவும் ஒன்று. வளைவுக் கூரையும் முற்றமும் கெடாமல் வீடுகள் சீரமைக்கப்பட்டன. 2016இல் பிர்கிக்கு அருகில் மஸ்தகி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மரம் வளர்ப்பது முதல் பிசின் பொட்டலமாவது வரை எல்லாவற்றையும் அது விளக்குகிறது.

ஊரின் நினைவு கல்லில் மட்டும் தங்கியிருக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திங்கட்கிழமையன்று மெஸ்தா, ஒலிம்பி போன்ற ஊர்களின் சதுக்கத்தில் 'ஆகா' என்னும் கூத்து நடக்கிறது. ஊர்க்காரர் ஒருவர் ஒட்டோமான் அதிகாரியாக வேடமிட்டு நீதிபதி இருக்கையில் அமர்வார். காவலர் வேடமிட்டவர்கள் கூட்டத்திலிருந்து ஆட்களை இழுத்துவந்து நிறுத்துவார்கள். இல்லாத குற்றத்தைச் சுமத்தி, வேடிக்கையாக விசாரித்து, அபராதம் விதிப்பார் ஆகா. வசூலாகும் பணம் ஊர்ப் பொதுக்காரியத்துக்குப் போகும். பிசினின் பெயரால் ஆண்டவர்களுக்கு அஞ்சி வாழ்ந்த தலைமுறைகளின் அச்சத்தை அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்படிச் சிரித்துக் கடக்கிறார்கள்.

ஆபத்துகள் இன்னும் நீங்கவில்லை. 2012 ஆகஸ்டில் தீவின் தெற்கே பரவிய காட்டுத்தீ ஏராளமான மஸ்தகி மரங்களை எரித்தது. எரிந்த மரத்துக்குப் பதிலாக நட்டது பலன்தர ஆண்டுக்கணக்கில் ஆகும். இளைஞர்கள் நகரத்துக்குப் போவதும், வீடுகளை விடுமுறைக்கு மட்டும் திறப்பதும் தொடர்கின்றன.

மரபுக் கட்டடங்களைக் காப்பது பற்றிப் பேசும் எவருக்கும் இந்த ஊர்கள் ஒரு பாடம் சொல்கின்றன. அனவத்தோஸும் மெஸ்தாவும் ஒரே தீவில், ஒரே அச்சத்தில் கட்டப்பட்டவை. ஒன்று இடிபாடாயிற்று, மற்றது ஊராக நீடிக்கிறது. வேறுபாடு கல்லின் உறுதியில் இல்லை. மெஸ்தாவைச் சுற்றியிருந்த மரங்கள் ஒவ்வொரு படையெடுப்புக்கும் நிலநடுக்கத்துக்கும் பிறகு மக்களைத் திரும்ப அழைத்துவந்தன. சுவரைப் பழுதுபார்க்க அரசும் நிறுவனங்களும் உதவலாம். அந்தச் சுவருக்குள் ஆள் வாழ வேண்டுமானால் அவருக்கு அங்கே பிழைப்பு வேண்டும். கியோஸின் தெற்கு ஊர்களுக்கு அந்தப் பிழைப்பை இன்றுவரை தந்துகொண்டிருப்பது மஸ்தகி மரம்.